பேச்சில் உடல் சொல்வதைக் கவனிப்பதும் திருத்திக்கொள்வதும்: முழுமையான வழிகாட்டி

அலுவலகக் கவுண்டர்களிலும் வரவேற்பு மேசைகளிலும் புதிதாக அமர்கிறவர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் வேலை. உடல்மொழியைச் சீர்படுத்திக்கொள்ள வருகிறவர்களில் பெரும்பாலோர், தொடங்கும் இடத்திலேயே தடுக்கி விழுகிறார்கள். மூக்கைத் தொட்டால் பொய், கையைக் கட்டினால் மறைப்பு, காலை ஆட்டினால் பதற்றம் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு, எதிரே இருப்பவரைப் படிக்கப் புறப்பட்டுவிடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி அதற்கு நேர்மாறான வரிசையில் செல்கிறது. முதலில் உங்கள் உடல் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்; அடுத்து, கேட்கும்போது அது இருக்கும் விதத்தைத் திருத்த வேண்டும்; பிறகு இடம், பார்வை, கை, குரல் ஆகியவற்றுக்கு வர வேண்டும்; பிறரைப் படிப்பது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான். எதிரே இருப்பவர் செய்வதில் பெரும்பகுதி நீங்கள் செய்வதற்கான பதில் என்பதே இந்த வரிசைக்குக் காரணம். கணினித் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் பதில் சொல்லும் ஊழியரிடம் வந்தவர் குரலை உயர்த்துகிறார், மேசையின்மேல் சாய்கிறார். ஊழியரோ அவரைச் சண்டைக்காரர் என்று முடிவு கட்டுகிறார். தான் கொடுத்ததை அறியாதவர், திரும்பி வருவதையும் சரியாக அறிய முடியாது.

1. தொடங்கும் முன் தேவையானவை

வீடியோ எடுக்கக்கூடிய செல்போன், அதை அசையாமல் நிறுத்தி வைக்க ஓர் இடம், ஒரு நோட்டு, உங்களோடு இயல்பாகப் பேசக்கூடிய ஒருவர் ஆகியவை போதும். அந்த ஒருவர் உங்களைப் பாராட்டியே பழகியவராகவோ, குறை சொல்லியே பழகியவராகவோ இல்லாமல் இருந்தால் நல்லது. பதிவு செய்யப்போவதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். அலுவலகத்துக்கு வருகிறவர்களை அவர்கள் அறியாமல் படம் பிடிப்பது எந்தப் பயிற்சிக்காகவும் ஏற்கத்தக்கது அல்ல.

இரண்டு நம்பிக்கைகளை முதலிலேயே கைவிட வேண்டும். ஒரு பேச்சின் பொருளில் சொற்களின் பங்கு 7 சதவீதம், குரலின் பங்கு 38, முகத்தின் பங்கு 55 என்று பயிற்சி வகுப்புகளில் ஓயாமல் சொல்லப்படும் கணக்கு அவற்றுள் ஒன்று. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து அது பிறந்தது. அந்த ஆய்வுகளில், தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கச் செய்தும், முகப் படங்களைக் காட்டியும், பேசுகிறவருக்கு இருக்கும் விருப்பு வெறுப்பைக் கேட்கிறவர்கள் எதிலிருந்து ஊகிக்கிறார்கள் என்றுதான் பார்த்தார்கள். உணர்ச்சியைப் பற்றிய பேச்சைத் தாண்டி அந்தக் கணக்கு செல்லாது என்று மெஹ்ராபியனே விளக்கியிருக்கிறார். ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் புன்னகையால் நேரத்தைச் சொல்லிவிட முடியாது. இந்தக் கணக்கை நம்புகிறவர்கள் சொல்ல வேண்டியதைத் தயாரிக்காமல், நிற்கும் விதத்தை மட்டும் தயாரித்துக்கொண்டு வருகிறார்கள். அது பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது, உடலைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கை. இது குறித்து நடந்த ஏராளமான சோதனைகளை உளவியலாளர்கள் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் திரட்டி 2006இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவதில் மக்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும். எனவே இந்த வழிகாட்டியில் பொய்யைப் பற்றிய பகுதி கிடையாது.

2. உங்களைப் பதிவு செய்து, மூன்று முறை பாருங்கள்

செல்போனைப் பக்கவாட்டில், இருவரின் இடுப்புக்கு மேற்பட்ட உடலும் தெரியும்படி வைத்து, பதினைந்து நிமிடம் பேசுங்கள். பேச்சுப் பொருள் உண்மையானதாக இருக்க வேண்டும்: வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளி, அலுவலகத்தில் தீர வேண்டிய ஒரு வேலை என்று ஏதாவது. முதல் ஐந்து நிமிடத்தைக் கணக்கில் கொள்ள வேண்டாம்; படம் எடுக்கப்படுகிறோம் என்ற நினைவு மறைய அவ்வளவு நேரமாவது ஆகும்.

முதல் முறை பார்க்கும்போது ஒலியை அணைத்துவிடுங்கள். சொற்கள் காதில் விழும்வரை மனம் அவற்றின் பின்னால் ஓடும். ஒலி நின்ற பிறகுதான் கையும் தோளும் கண்ணில் படும். இரண்டாம் முறை திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குரலை மட்டும் கேளுங்கள். மூன்றாம் முறை இரண்டையும் சேர்த்து, ஆனால் உங்களை விட்டுவிட்டு எதிரே இருந்தவரையே பாருங்கள். அவர் எந்த நொடியில் பின்னால் சாய்ந்தார், எங்கே பேச்சைச் சுருக்கினார் என்று குறித்துக்கொண்டு, அதற்குச் சற்று முன்பு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

குறிப்பெழுதுவதில்தான் பெரிய பிழை நேர்கிறது. "அலட்சியமாக இருந்தேன்", "தன்னம்பிக்கை இல்லை" என்று எழுதுகிறார்கள். இவை தீர்ப்புகள்; இவற்றைத் திருத்த முடியாது. "ஆறாவது நிமிடத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது சன்னலைப் பார்த்தேன்", "கேள்வி முடியுமுன் வாயைத் திறந்தேன்" என்று எழுதினால்தான் நாளை மாற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

கண்ணாடி முன் நின்று பழகுவது இதற்கு மாற்று ஆகாது. கண்ணாடி முன் யாரும் பிறர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அங்கே தெரிவது நீங்கள் காட்ட விரும்பும் முகம். திருத்தப்பட வேண்டியதோ உங்களுக்குத் தெரியாமல் காட்டும் முகம்.

பதிவைப் பார்த்து முடித்ததும் பத்துப் பழக்கங்கள் கண்ணை உறுத்தும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டைக் கவனித்துக்கொண்டு பேசுகிறவருக்குப் பேச்சே தப்பிவிடுகிறது. எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை என்றால், அடுத்த பகுதியில் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

3. கேட்கும்போது உடல் எப்படி இருக்க வேண்டும்

பேசும் உடலைத் திருத்தவே எல்லோரும் விரும்புகிறார்கள். கேட்கும் உடலைத் திருத்துவது அதைவிட எளிது, பலனும் சீக்கிரம் தெரியும். பேசும்போது சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது, கேட்கும்போது அந்தச் சுமை இல்லை.

முதலாவதாக, தலையசைப்பும் "ம்" கொட்டுவதும். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஆமா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த வினையின் முடிவில்தான் தெரிகிறது. "போன மாதமே பணம் கட்டிவிட்டேன் என்று நான் சொல்லவில்லை" என்ற வாக்கியத்தில் "கட்டிவிட்டேன்" வந்ததுமே தலையை ஆட்டியவர், சொல்லப்படாத ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டார். எதிரே இருப்பவருக்கு அது தெரியும். இவர் கேட்கவில்லை, ஆட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவர் உணர்ந்ததும் ஒன்று திரும்பச் சொல்லத் தொடங்குவார், அல்லது சொல்வதைக் குறைத்துக்கொள்வார். ஆகவே "ம்" என்பதை வினை முடிந்த இடத்தில் மட்டும் வைத்துப் பழகுங்கள். சீரான இடைவெளியில் "ம்... ம்... ம்..." என்று வருவது, சீக்கிரம் முடியுங்கள் என்பதன் இன்னொரு வடிவம்.

பக்கவாட்டில் தலையை லேசாகச் சாய்த்து ஆட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழர்களிடையே அது "சரி" என்றோ "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றோ பொருள்படும். வடமாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்களும் வெளிநாட்டவரும் அதை மறுப்பாகவோ குழப்பமாகவோ எடுத்துக்கொள்வதை அன்றாடம் காணலாம். அந்த அசைவை விட வேண்டியதில்லை. கூடவே "சரி" என்ற சொல்லையும் சொல்லிவிட்டால் போதும். தமிழர்களுக்கிடையிலும் "கேட்கிறேன்" என்ற தலையசைப்பை "செய்துதருகிறேன்" என்று புரிந்துகொண்டு போனவர் மறுநாள் வந்து நிற்பது உண்டு. வாக்குறுதி சம்பந்தப்பட்ட இடத்தில் தலையை மட்டும் ஆட்டாதீர்கள்.

இரண்டாவதாக, மூச்சு. உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி வியக்கும்படி குறுகியது. பத்து மொழிகளில் செய்யப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஒப்பாய்வில் அது சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. இவ்வளவு விரைவில் பதில் வர வேண்டுமானால், எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தயாரிப்பு உடலில் தெரிகிறது: மூச்சை உள்ளிழுக்கிறோம், உதடு பிரிகிறது, கை மேசையிலிருந்து எழுகிறது. இவற்றைப் பார்த்ததும் பேசுகிறவர் அவசரப்படுகிறார். பல சமயம் முக்கியமான செய்தியைச் சொல்லாமலே முடித்துவிடுகிறார்.

இதற்குப் பயிற்சி ஒன்றே. அவர் முடித்ததும் முதலில் மூச்சை வெளியே விடுங்கள், பிறகு இழுங்கள், பிறகு பேசுங்கள். பழகாதவருக்கு இந்த இடைவெளி நெடுநேரம் போலத் தோன்றும். பதிவில் பார்த்தால் ஒரு நொடிக்குமேல் இருக்காது. அந்த ஒரு நொடியில், முடித்துவிட்டார் என்று நீங்கள் நினைத்தவர் மறுபடி தொடங்கி, வந்த காரியத்தை அப்போதுதான் சொல்வார். மருத்துவமனை மேசைகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக, உச்சுக் கொட்டுவது. நாக்கை மேற்பல்லில் ஒட்டி எடுக்கும் இந்த ஒலி இரக்கத்துக்கும் வருகிறது, சலிப்புக்கும் வருகிறது, சில வீடுகளில் "இல்லை" என்பதற்கும் வருகிறது. வீட்டார்க்கு வேறுபாடு தெரியும். முன்பின் அறியாதவருக்குத் தெரியாது. பொதுமக்களோடு பழகும் இடத்தில் இதை முழுக்க விட்டுவிடுவது நல்லது.

செல்போனைக் கவிழ்த்து வைப்பது போதாது. கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். அதிரும் ஒவ்வொரு முறையும் கண் அங்கே போய்வரும்; போய்வந்ததை நீங்கள் உணர மாட்டீர்கள், எதிரே இருப்பவர் உணர்வார்.

4. இடைவெளியும் உட்காரும் உயரமும்

மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966இல் எழுதியபடி, மிக நெருங்கியவர்களுக்கு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் வரை, நண்பர்களுக்கு 1.2 மீட்டர் வரை, அறிமுகமற்றவர்களோடு பேச 3.6 மீட்டர் வரை என்ற அளவுகள் இன்றும் பயிற்சிக் கையேடுகளில் வலம் வருகின்றன. அவை அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோர நடுத்தர வர்க்கத்தாரைக் கவனித்துச் சொல்லப்பட்டவை; எல்லோருக்கும் பொருந்தும் என்று அவரே சொல்லவில்லை. காலை நேர நகரப் பேருந்தில் நிற்கிறவருக்கு இந்த அளவுகளால் பயன் இல்லை.

அளவுகோலுக்குப் பதிலாக ஒரு விதி போதும்: அவர் ஓர் அடி பின்வாங்கினால் நீங்கள் பின்தொடராதீர்கள். புதியவர்கள் தம்மை அறியாமல் முன்னேறி இடைவெளியை நிரப்புகிறார்கள். அவர் மறுபடி பின்வாங்குகிறார். சற்று நேரத்தில் சுவரோடு ஒட்டி நிற்கிறார். ஆணும் பெண்ணும் பேசும் இடத்தில் இடைவெளியைப் பெண் தீர்மானிக்கட்டும். கைகுலுக்குவதா கும்பிடுவதா என்பதிலும் அப்படியே. அவர் கை நீட்டினால் நீட்டலாம், இல்லையென்றால் கும்பிடு எங்கும் பிழையாவதில்லை.

உயரம்தான் இங்கே அதிகம் கவனிக்க வேண்டியது. நீங்கள் உட்கார்ந்திருக்க எதிரே இருப்பவர் நின்றுகொண்டிருக்கும் பேச்சில், உங்கள் குரல் எவ்வளவு கனிவாக இருந்தாலும் அது விசாரணை போலவே இருக்கும். நாற்காலி இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால், பேச்சு இரண்டு நிமிடத்தைத் தாண்டும் என்று தெரிந்ததும் நீங்கள் எழுந்துவிடுங்கள். படுக்கையில் இருப்பவரிடம் பேச ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நேருக்கு நேர் உட்காருவதைவிட மேசையின் மூலையைப் பகிர்ந்து உட்காருவது நல்லது. இருவரும் ஒரே தாளைப் பார்க்க முடியும், பார்வையை எடுக்கவும் இடம் இருக்கும்.

நாற்காலி யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பதை ஒரு நாள் முழுக்கக் கவனித்துக் குறித்துவையுங்கள். வெள்ளைச் சட்டையில் வந்தவருக்கு "உட்காருங்க சார்", அழுக்கு வேட்டியில் வந்தவருக்கு "என்னய்யா?" என்று இருந்தால், அதை உடல்மொழிப் பயிற்சி எதுவும் மறைத்துவிடாது. தோளில் கிடந்த துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மடித்துக்கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, கூனிக்குறுகி ஒருவர் வந்து நிற்கும்போது அதை மரியாதை என்று ஏற்றுக்கொண்டு அமர்ந்திருப்பது தவறு. அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் சாதி அதிகாரம் இருக்கிறது. அவரை உட்காரச் சொல்வதுதான் அதற்குச் சரியான பதில்.

5. பார்வை

"கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசு" என்ற நேர்முகத் தேர்வு அறிவுரையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள், வெறித்துப் பார்க்கிறார்கள். இயல்பான பேச்சில் நாம் கேட்கும்போது அதிகமாகவும் பேசும்போது குறைவாகவும் எதிரே இருப்பவரைப் பார்க்கிறோம். சொல்லைத் தேடும்போது கண் விலகும், வாக்கியம் முடியும்போது திரும்பி வரும். அப்படித் திரும்பி வருவதே "இனி நீங்கள்" என்பதற்கான அடையாளம். வாக்கியத்தின் முடிவில் பார்க்கத் தவறினால், எப்போது தொடங்குவது என்று தெரியாமல் அவர் தடுமாறுவார். ஆகவே இந்த ஒன்றை மட்டும் பழகுங்கள்: நடுவில் எங்கே பார்த்தாலும், முடிக்கும்போது அவரைப் பார்த்து முடியுங்கள். கண்ணையே பார்ப்பது கூச்சமாக இருந்தால் புருவ நடுவைப் பாருங்கள். அந்தத் தொலைவில் வேறுபாடு தெரியாது.

பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவது நம்மிடையே பணிவு. கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னால், எதையோ மறைக்கிறார் என்று கொள்வதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள். அவரே பன்னாட்டு நிறுவனத் தேர்வுக்குப் போகும்போது வேறு விதமாகப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதும் உண்மை; அதை அவருக்கு வேறு இடத்தின் வழக்கமாகச் சொல்லிக்கொடுங்கள், அவரிடம் உள்ள குறையாகச் சொல்லாதீர்கள்.

கணினி இருக்கும் மேசையில் பார்வையைத் திருப்பும் முன் "உங்கள் எண்ணைப் போட்டுப் பார்க்கிறேன்" என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். சொல்லாமல் திரும்பினால் புறக்கணிப்பு. சொல்லிவிட்டுத் திரும்பினால் அவருடைய வேலை.

6. கை, கால், முகம்

இங்கே நீண்ட விளக்கம் தேவையில்லை. புத்தகங்களும் வீடியோக்களும் இதைப் பற்றியே பேசித் தீர்த்திருக்கின்றன. கைகட்டுவதை மட்டும் பார்ப்போம். மேலைநாட்டுக் கையேடுகளில் அது தற்காப்பு. நம்மிடையே கைகட்டி நிற்பது பணிவு. தோள் முன்னே வளைந்து, கை கீழே இறங்கிக் கட்டியிருந்தால் அது பெரும்பாலும் பணிவு. மார்பு நிமிர்ந்து, முகவாய் உயர்ந்திருந்தால் வேறு. குளிரூட்டிய அறையில் இருந்தால் இரண்டும் இல்லை, குளிர்.

கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையில் இருக்கட்டும். மேசையில் எறிய வேண்டாம். ஆளைச் சுட்ட ஆள்காட்டி விரலை நீட்டாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள். மூத்தவர் முன் கால்மேல் கால் போடுவதை இன்றைய இளைஞர்கள் பொருட்படுத்துவதில்லை. எதிரே இருக்கும் மூத்தவர் பொருட்படுத்துவார். கால் பட்டுவிட்டால் தொட்டு ஒற்றிக்கொள்வது சொற்களால் கேட்கும் மன்னிப்பைவிட விரைவாகப் போய்ச் சேரும்.

புன்னகையில் பிழை அளவில் அல்ல, நேரத்தில் நிகழ்கிறது. முகத்தைப் பார்க்கும் முன்பே தயாராக இருக்கும் புன்னகை எல்லோருக்கும் பொதுவானது. முதலில் முகத்தைப் பார்த்து, அரை நொடி கழித்துச் சிரித்தால் அது அவருக்கானது. புகார் சொல்ல வந்தவரிடம் சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டிருப்பதைவிடச் சிரிக்காமல் இருப்பது மேல்.

கைகால்களை விரித்து, அதிகாரத் தோரணையில் இரண்டு நிமிடம் இருந்தால் உடலின் ஹார்மோன்களே மாறும் என்று 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. 2015இல் கூடுதலான பேரை வைத்துச் செய்து பார்த்தபோது அந்த மாற்றம் தென்படவில்லை. முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியரே 2016இல் அந்த விளைவில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று அறிவித்தார். அந்த இரண்டு நிமிடத்தில் பேச வேண்டியதை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

7. குரல்

"சொல்லுங்க" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வரவேற்பாக, சலிப்பாக, அதட்டலாக, ஆவலாக, வேறு வேலையில் இருந்துகொண்டே என்று ஐந்து விதமாகச் சொல்லிப் பதிவு செய்து, உங்கள் முகத்தைப் பார்க்காத ஒருவரிடம் எது எது என்று கேளுங்கள். நீங்கள் வரவேற்பாகச் சொன்னதை அவர் சலிப்பு என்று சொன்னால், உங்கள் குரல் கடைசி அசையில் கீழே விழுகிறது என்று பொருள். அந்த அசையைச் சற்றே நீட்டி மேலே நிறுத்திப் பழகுங்கள். தொலைபேசியில் பேசுகிறவர்களுக்கு இந்தப் பயிற்சி இன்னும் அவசியம், ஏனெனில் அங்கே தலையசைப்பு போய்ச் சேராது. மூன்றாம் பகுதியில் சொன்ன "ம்", "சரி" இரண்டும்தான் நீங்கள் இருப்பதைக் காட்டும்.

காது மந்தமான முதியவர்களிடம் கத்துவது பரவலான பிழை. வயதால் வரும் செவித்திறன் குறைவில் முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள்; கத்தும்போது குரல் மேலே ஏறுவதால், கேட்க வேண்டியது இன்னும் குறைகிறது, முகமும் கோபமாகத் தெரிகிறது. குரலைத் தாழ்த்தி, மெதுவாக, வாயசைவு தெரியும்படி வெளிச்சத்தில் முகம் காட்டிப் பேசுங்கள்.

8. பிறரைப் படிப்பது

இதுவரை சொன்னவை ஓரளவு கைவந்த பிறகு இங்கே வாருங்கள். படிப்பதற்கு நான்கு படிகள் உண்டு. வரிசையை மாற்றினால் ஊகம்தான் மிஞ்சும்.

முதலில், அவருடைய வழக்கமான நிலையைப் பாருங்கள். பேச்சின் தொடக்கத்தில், பிரச்சினை இல்லாத இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்த ஊர், எப்படி வந்தீர்கள். அப்போது அவர் கை எங்கே இருக்கிறது, எவ்வளவு விரைவாகப் பேசுகிறார் என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் காலை ஆட்டுகிறவர் காலை ஆட்டுவதில் செய்தி எதுவும் இல்லை. அவர் ஆட்டுவதை நிறுத்தினால் இருக்கலாம்.

அடுத்து, மாற்றத்தையும் அது நிகழ்ந்த நொடியையும் கவனியுங்கள். மாற்றத்துக்குச் சற்று முன்பு என்ன சொல்லப்பட்டது, என்ன காட்டப்பட்டது என்பதில்தான் பொருள் இருக்கிறது.

மூன்றாவதாக, அதற்குக் குறைந்தது மூன்று காரணங்களை மனத்துக்குள் அடுக்குங்கள். அவற்றுள் ஒன்றாவது உங்களோடோ இந்தப் பேச்சோடோ தொடர்பில்லாததாக இருக்கட்டும். பசி, பேருந்துக்கு நேரமாவது, வெளியே நிற்கும் பிள்ளை ஆகியவை நாம் ஒருபோதும் நினைக்காத காரணங்கள்; பெரும்பாலும் உண்மையாக இருப்பவையும் அவையே.

நான்காவதாக, சொல்லால் சரிபாருங்கள். இங்கேதான் நன்றாகக் கவனிக்கத் தெரிந்தவர்களும் கெடுத்துக்கொள்கிறார்கள். "ஏன் கோபமா இருக்கீங்க?" என்று கேட்டால், கோபம் இல்லாதவருக்கும் வந்துவிடும். உடலில் கண்டதைப் பெயரிடாமல், பொருளைப் பற்றிக் கேளுங்கள்: "இந்த இடத்தில் நான் தெளிவாகச் சொல்லவில்லையோ?" ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல அவருக்கு வழி இருக்க வேண்டும், உங்கள் ஊகம் தவறாக இருந்தால் அது வெளிப்படாமலே மறைந்துவிடவும் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. படிவத்தைக் கையில் கொடுத்ததும், அதுவரை தாராளமாகப் பேசிக்கொண்டிருந்த பெண்மணி அமைதியாகிறார். தாளை ஒருமுறை திருப்பிப் பார்க்கிறார், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று நோக்குகிறார், பிறகு "கண்ணாடி கொண்டு வரலை தம்பி" என்கிறார். கண்ணாடியை மறந்திருக்கலாம், படிவத்தில் கேட்டிருக்கும் ஏதோ ஒன்று சங்கடமாக இருக்கலாம், எழுதப் படிக்கத் தெரியாமலும் இருக்கலாம். "படிக்கத் தெரியாதா?" என்று வரிசையில் நிற்பவர் காதில் விழும்படி கேட்கிற ஊழியர், குறிப்பைச் சரியாக அறிந்தும் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார். "நான் படிச்சுச் சொல்றேம்மா, நீங்க சொல்லச் சொல்ல எழுதிக்கிறேன்" என்றால், மூன்று காரணங்களில் எது உண்மையானாலும் வேலை நடக்கிறது. எது உண்மை என்று நீங்கள் அறிந்துகொள்ளவே தேவையில்லை.

மறுப்பைப் படிப்பது இன்னொரு தனித்திறன், ஏனெனில் நம்மிடையே நேரடியாக "முடியாது" என்பது குறைவு. "பார்க்கலாம்" என்று சொல்லி, தலை ஒருபுறம் சாய்ந்து, பார்வை வேறெங்கோ போனால் பெரும்பாலும் இல்லை என்றே பொருள். "பார்க்கலாம்" என்றவர் உடனே "எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் வருவார். விருந்தில் முதல் "போதும்" உபசாரம், இலையின்மேல் கையைக் குறுக்கே வைத்துவிட்டால் அது உண்மையான போதும்; அதற்குமேல் பரிமாறுகிறவர் அன்பைக் காட்டவில்லை, தொல்லை கொடுக்கிறார். தொடுவதிலும் கடனிலும் திருமணப் பேச்சிலும் ஐயம் வந்தால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு நின்றுவிடுங்கள்.

9. இந்த விதிகள் பொருந்தாதவர்கள்

பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு முகத்தசை அசைவு குறைந்து, உணர்ச்சி இருந்தும் முகத்தில் தெரியாமல் போகும். பக்கவாதத்தில் ஒருபுறம் இழுபட்ட முகம் ஏளனச் சிரிப்பு போலத் தெரியலாம். ஆட்டிச நிலையில் உள்ள பலருக்குக் கண்ணைப் பார்ப்பது கடினம். பார்க்காமல்தான் நன்றாகக் கேட்கிறார்கள். சைகைமொழி பேசும் காது கேளாதோருக்குப் புருவமும் வாயும் இலக்கணத்தின் பகுதி. புருவத்தை உயர்த்துவது கேள்வியாக இருக்கலாம், வியப்பு அல்ல. இவர்களிடம் படிப்பதை விட்டுவிட்டு, நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

வீடியோ அழைப்பும் விலக்குதான். திரையில் உள்ள முகத்தைப் பார்த்தால், எதிர்முனையில் உள்ளவருக்கு நீங்கள் கீழே பார்ப்பதாகத் தெரியும். பேசி முடிக்கும் நேரத்தில் மட்டும் கேமராவைப் பாருங்கள். கேட்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். ஒலி சற்றுத் தாமதமாகப் போவதால், மூன்றாம் பகுதியில் சொன்ன மூச்சு இடைவெளியை இங்கே இன்னும் நீட்ட வேண்டும்.

10. பழகுவதும் மறுபதிவும்

தொடக்கத்தில் நீங்கள் விறைப்பாகத் தெரிவீர்கள், நெருங்கியவர்கள் "என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்பார்கள். கவனம் பேச்சிலிருந்து உடலுக்குப் போயிருப்பதால் வரும் விறைப்பு அது. பழக்கம் படிந்ததும் போய்விடும். அதுவரை இழப்பு இல்லாத இடங்களில் பழகுங்கள்: டீக்கடை, காய்கறிக்காரம்மா, பக்கத்து வீடு. மேலதிகாரியிடமோ சம்பள உயர்வு கேட்கும்போதோ முதல்முறையாக முயன்று பார்ப்பவர்கள், பயிற்சியையே கைவிட்டுவிடுகிறார்கள்.

மூன்று வாரம் கழித்து, அதே ஆளோடு, அதே இடத்தில், அதே நீளத்துக்கு மறுபடி பதிவு செய்யுங்கள். நன்றாக மாறியிருக்கிறது என்று அவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பழைய பதிவையும் புதிய பதிவையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, எதிரே இருந்தவர் எத்தனை இடங்களில் வாக்கியத்தை முடிக்காமல் விட்டார் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை குறைந்திருந்தால் பட்டியலில் உள்ள அடுத்த பழக்கத்தை எடுக்கலாம். குறையவில்லை என்றால் நீங்கள் கையையோ புன்னகையையோ திருத்திக்கொண்டிருந்திருக்கிறீர்கள். மூன்றாம் பகுதியில் உள்ள மூச்சுப் பயிற்சிக்குத் திரும்புங்கள்.